முகமுள்ள கிழங்கு

மாக் போ-குவான் ஓய்வு பெற்று ஏழு வருடமாகிறது. அவருடைய தொந்தி மட்டும் இன்னும் பதவியில் இருந்தது. மாவட்ட விவசாய அலுவலகத்தில் துணை இயக்குநராக இருந்த அவரை எல்லோரும் 'இயக்குநர்' என்றே கூப்பிட்டார்கள். அந்தத் 'துணை'யை மறக்காமல் சேர்த்துச் சொல்பவன் ஒருவன்தான்: ஆற்றுக்கு அக்கரையில் செங்கல் சூளை வைத்திருக்கும் பங்காளி தின்-சாய்.

இந்த வருடம் போ-குவானுக்கு ஒரே ஆசை. ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள், முன்னோர்களை வணங்கும் பண்டிகையன்று, சொந்த ஊர்க் குல மண்டபத்தில் முதல் ஊதுபத்தியை அவர் ஏற்ற வேண்டும். முதல் பத்தி ஏற்றுகிறவர்தான் அந்த வருடம் மாக் குலத்துக்கே பெரியவர். வறுத்த பன்றியின் தலை அவர் வீட்டுக்குப் போகும். யார் ஏற்றுவது என்று முடிவு செய்கிறவர் ஒன்பதாம் தாத்தா. வயது தொண்ணூற்று மூன்று. பல் கிடையாது. காது, வேண்டிய நேரத்தில் மட்டும் உண்டு.

தாத்தாவின் மனதைக் கரைக்கத்தான் அந்தக் கிழங்கு.

ஹோ ஷௌ வூ அந்த ஊர் மலைச்சரிவெல்லாம் படர்ந்து கிடக்கிற கொடிதான். அதன் கிழங்கு நரையைக் கறுப்பாக்கும், இடுப்புக்கு வலுக் கொடுக்கும், கிழவர்களை மாடிப்படி ஏற வைக்கும். ஆனால் படகுத்துறையில் போ-குவானுக்குக் கிடைத்தது சாதாரணக் கிழங்கில்லை. முந்நூறு வருடம் பாறை இடுக்கில் இருந்தது என்று விற்றவன் சத்தியம் செய்தான். இரண்டு கை, இரண்டு கால், வயிற்றில் தொப்புள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு முகம்: அகன்ற நெற்றி, இரட்டை நாடி, கூட்டத்துக்குத் தலைமை வகிக்கும் புன்னகை.

"யார் மாதிரி இருக்கு சொல்லு பாப்போம்" என்று மனைவி சுக்-யியிடம் கேட்டார்.

"உங்கள மாதிரியேதான் இருக்கு."

"தப்பு. நம்ம முப்பாட்டனார் மாதிரி. நான் அவர் மாதிரி."

"சரி, தலைய ஆட்டாதீங்க. காதுல சாயம் பட்டுரும்."

சனிக்கிழமைதோறும் நடக்கும் இந்தச் சாயம் பூசல் வீட்டு ரகசியம். வெளியே கேட்டால், "எல்லாம் ஹோ ஷௌ வூ சூப்புதான்" என்பார்.

பண்டிகைக்கு மூன்று நாள் முன்பு காரில் ஊருக்குப் போனார். ஊருக்கு வந்தால் நேராக மண்டபம், மண்டபத்திலிருந்து நேராகக் கார். யார் வீட்டு வாசலையும் மிதித்தவரில்லை. ஒன்பதாம் தாத்தாவின் வீட்டுக்குள் நுழைவதே அன்றுதான் முதல் தடவை. கூடத்தில் புகை மண்டிக் கிடந்தது. ஊரில் கிழங்கு பயிரிடுகிற ஹிங் அடுப்படியில் கருங்கோழி வெட்டிக்கொண்டிருந்தாள். தாத்தாவுக்கு வாரம் ஒருமுறை கிழங்கு சூப்பு வைத்துக் கொடுப்பது அவள்தான்.

போ-குவான் கற்பூரமரப் பெட்டியைத் திறந்து, மஞ்சள் பட்டுத் துணியை விலக்கினார்.

"தாத்தா, இந்தக் கிழங்க பத்தி மூணு விஷயம் சொல்லணும். முதலாவது..."

இரண்டாவது விஷயத்துக்கு அவர் வருவதற்குள் வாசலில் தின்-சாய் வந்து நின்றான். அவன் கையிலும் பெட்டி. அதிலும் மஞ்சள் பட்டு. அவன் விலக்கினான்.

அகன்ற நெற்றி. இரட்டை நாடி. அதே புன்னகை.

சொல்ல வந்த இரண்டாவது விஷயம் போ-குவானுக்கு மறந்தே போனது. முப்பத்தைந்து வருட அலுவலக வாழ்க்கையில் அப்படி நடந்ததில்லை.

"ரெட்டைப் புள்ளைங்களாப்பா?" என்றார் தாத்தா.

"என்னோடத திருடிட்டான்!" என்று கத்தினார் போ-குவான்.

"யாரு திருடினா? உன்னோடது எத்தன வருஷம்?"

"முந்நூறு!"

"என்னோடது நானூறு. எது எதப் பாத்துப் பொறந்ததுன்னு நீயே சொல்லு, துணை இயக்குநரே."

சத்தம் கேட்டு ஹிங் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இரண்டு கிழங்கையும் மீனைப் புரட்டுவதுபோல் புரட்டினாள். இடது குதிகாலைக் காட்டினாள். இரண்டிலும் மேடாக ஒரு 7.

"ஏழாம் நம்பர் அச்சு. வயசு ரெண்டு, ரெண்டரை இருக்கும்."

"அச்சா?" என்றார்கள் பங்காளிகள் இருவரும். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரே குரலில்.

"என்ன இயக்குநர் ஐயா, ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்குறீங்க? நீங்க குடுத்த அச்சுதானே! பன்னெண்டு வருஷம் முந்தி பயிற்சி முகாம் போட்டீங்களே, வடிவத்தால மதிப்பக் கூட்டுவோம்னு. பிஞ்சுக் கிழங்க பிளாஸ்டிக் அச்சுக்குள்ள வெச்சுப் பொதச்சா ரெண்டு வருஷத்துல ஆளாயிரும். யாரு மூஞ்சி வெக்கலாம்னு உங்க ஆபீஸ்காரங்க யோசிச்சாங்க. உங்க மூஞ்சியவே வெச்சா நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு வெச்சுட்டாங்க. நீங்கதான ரிப்பன் வெட்டினீங்க?"

ரிப்பன் ஞாபகம் இருந்தது. அன்று மதியம் சாப்பிட்ட மீன்கூட ஞாபகம் இருந்தது. எதற்காக வெட்டினார் என்பதுதான் ஞாபகமில்லை. எதற்கென்று கேட்டா ரிப்பன் வெட்டுவார்கள்?

"அதையே ஆக்குடி, பசிக்குது" என்றார் தாத்தா.

"பச்சையா ஆக்கினா வயிறு போயிரும் தாத்தா. கறுப்பு பீன்ஸோட ஒம்போது தடவ அவிச்சு, ஒம்போது தடவ காய வெக்கணும். என்கிட்ட பதமான துண்டு இருக்கு, அதப் போட்டாச்சு. அதுல மூஞ்சி கிடையாது, அவ்வளவுதான்."

தின்-சாய் ஓசைப்படாமல் தன் பெட்டியை மூடினான். போ-குவான் ஹிங்கின் பக்கம் திரும்பினார்.

"இந்த மாதிரி... எத்தன இருக்கு?"

"வித்ததுக்குக் கணக்கில்ல. நம்ம ஊருக்குள்ள ஒரு நாப்பது வீட்டுல இருக்கும். பாக்க லட்சணமா இருக்குன்னு பாதிப் பேர் முன்னோர் மேடையிலயே வெச்சுட்டாங்க. காலையில மூணு பத்தி, சாயங்காலம் மூணு பத்தி."

"எனக்கா?"

"மூஞ்சி உங்களோடதுதானே."

"நான் உயிரோட இருக்கேன்டி!"

சாயம் பூசிய முடி, பூசாத முடி, எல்லாம் ஒன்றாக எழுந்து நின்றது. ஏழு வருடமாக வருகிற முழங்கால் வலி, திடீர்த் தலைச்சுற்றல், நடுவே வந்துபோன அந்த மஞ்சள் காமாலை! டாக்டர் கல்லீரல் என்று சொன்னார். இல்லை. நாற்பது வீட்டில் நாளுக்கு இரண்டு வேளை அவருக்குக் காரியம் நடந்திருக்கிறது.

"என் வீட்டுலயும் ஒண்ணு இருக்கே" என்றார் தாத்தா. "யாரு இந்த மூதாதை, இவ்வளவு சாப்பிட்ட மாதிரி இருக்காரேன்னு நானும் யோசிச்சுட்டே இருந்தேன்."

போ-குவான் திரும்பினார். மேடையில், முன்னோர் பெயர்ப் பலகைகளின் வரிசையில் ஓரமாக, புகை படிந்து கறுத்த முகத்தோடு அவரே புன்னகைத்துக்கொண்டிருந்தார். முன்னால் மூன்று பத்தி. ஒரு ஆரஞ்சு.

தாத்தா சூப்புக் கிண்ணத்தை வாங்கி உறிஞ்சினார். "அப்போ முதல் பத்தி உனக்குச் சரிப்படாதுப்பா. ஏத்துறவன் வேற, வாங்கிக்கிறவன் வேற. தின்-சாயும் வேண்டாம், அவன் உனக்குத் தம்பி முறை, கூச்சமா இருக்கும். பழையபடி நானே ஏத்திக்கிறேன்." இன்னொரு வாய் உறிஞ்சினார். "பன்றித் தலையையும் நானே பாத்துக்கிறேன்."

பல் இல்லாதவருக்குத் தலை எதற்கு என்று கேட்கிற நிலையில் போ-குவான் இல்லை. நேராக மேடைக்குப் போனார். இரண்டு கையாலும் தன்னைத் தூக்கினார்.

"எடுத்துட்டுப் போறதுன்னா போ" என்றார் தாத்தா. "ஆனா ஒண்ணு சொல்லணும். போன மாசம் முதுகு பிடிச்சுக்கிச்சு. மத்த எல்லார்கிட்டயும் வேண்டிக்கிட்டேன், ஒருத்தரும் கண்டுக்கல. இவர்கிட்ட வேண்டிக்கிட்டேன், ரெண்டே நாள்ல சரியாச்சு."

போ-குவான் கையிலிருந்த கிழங்கைப் பார்த்தார்.

"ரெண்டே நாள்லயா?"

"ரெண்டே நாள்ல."

சட்டைக் கையால் கிழங்கின் நெற்றிப் புகையைத் துடைத்தார். மெல்ல, இருந்த இடத்திலேயே வைத்தார். ஓரடி பின்னால் வந்து நின்று பார்த்தார். பிறகு மறுபடி முன்னால் போய், பக்கத்திலிருந்த பலகையைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளி, கிழங்கை நடுவுக்கு நகர்த்தினார்.