முதல் கல் எந்தக் கரையில்?

சர்வேயர் ஓய்வுபெற்றுப் பத்து வருஷம் ஆகிறது. இன்றைக்கும் அவரிடம் மருந்துக்கடை எவ்வளவு தூரம் என்று கேட்டால், "நானூற்றுப் பன்னிரண்டு மீட்டர்" என்பார். கேட்டவர் தெருமுனை தாண்டுவதற்குள் பின்னால் ஓடிப்போய், "வாசற்படியையும் சேர்த்தால் பதின்மூன்று" என்று திருத்துவார். வேலைக்காலத்தில் அவர் நேரில் போய்ப் பார்த்து, தொட்டதாக, "கண்டேன்" என்று கையெழுத்துப் போட்ட சர்வே கற்கள் ஆயிரத்து நூற்றுப் பதினாறு. அதில் ஆயிரத்து நூற்றுப் பதினைந்து சத்தியம்.

மிச்சம் ஒன்று பச்சைப் பொய்.

அதுவும் சாதாரணக் கல்லில்லை, முதல் கல். நூற்றைம்பது வருஷத்துக்கு முன் ஒரு சர்வேயர் காட்டாற்றில் படகு விட்டுக்கொண்டு வந்து நட்ட கல். சுற்றுவட்டார நிலம் அத்தனையும் அங்கிருந்துதான் அளக்க ஆரம்பித்தார்கள். அந்த மனிதரின் படம் ஆபீஸ் சுவரில் தொங்கியது. தாடியை முழுசாக வரைய ஓவியருக்குச் சட்டம் பற்றவில்லை என்பார்கள். தாடிக்காரர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள்.

முப்பத்தைந்து வருஷம் முன்பு நம்மவர் அந்தக் கல்லைத் தேடிப் போனபோது மழை. மழை என்றால், மீன்களே ஒதுங்க இடம் தேடிய மழை. நான்காம் நாள் கூடாரத்துக்குள் குந்தியபடியே, தாடிக்காரரின் குறிப்பேட்டு நகலைப் பார்த்து, வரைபடத்தில் ஆற்றின் இடக்கரையில் கல்லுக்கு அடையாளமாக முக்கோணம் போட்டு, "கண்டேன்" என்று எழுதி, தும்மிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார். அந்தக் கல் எப்படி இருக்கும் என்ற யோசனை மட்டும் அவரை விடவே இல்லை. சாப்பிடும்போதுகூட வரும்.

போன மாதம் வரைபட ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. "கடைசியாகப் பார்த்தவர் தாங்கள்தான். அடுத்த மாத முடிவுக்குள் புகைப்படம் கிடைக்காவிட்டால் புதிய பதிப்பில் முதல் கல் நீக்கப்படும்." படித்ததும் பழைய குறிப்பேட்டு நகலைத் தேடி எடுத்தார். தன்னுடைய ஒரு பொய்க்காக நிஜமான ஒரு கல் காணாமல் போவதா?

ஆகவேதான் இந்தப் படகுப் பயணம். இரண்டு பேர் உட்கார்ந்தாலே முனகும் ஒல்லிப் படகில் மூன்று பேர். முன்னால் துடுப்புப் போடுவது மைத்துனர், பல் டாக்டர். பின்னால் இன்னொரு துடுப்போடு சர்வேயர். நடுவில் அவர் மனைவி. முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர், விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் படகிலேயே ஏறினார். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் கிளம்பு. காட்டுக் கொக்குகள்கூட இரண்டாம் நாளே அதற்குக் கட்டுப்பட ஆரம்பித்துவிட்டன.

ஆறு கிழக்கே போனது. மூன்றாம் நாள் மத்தியானம் குறிப்பேட்டில் சொன்ன சிவப்புப் பாறை வந்தது. அதன் அடியில் நதி வளைகிறது. "இடப்பக்கம், தண்ணீரிலிருந்து நாற்பது அடி வைத்தால் கல்" என்று தாடிக்காரர் எழுதியிருந்தார்.

இடக்கரையில் இறங்கினார்கள். நாற்பது அடி வைத்தார்கள். அறுபதும் வைத்தார்கள். முள் குத்தாத இடம் உடம்பில் இல்லை. கொசு ஒவ்வொன்றும் உட்காரும்போது தோள் ஒரு பக்கம் சாய்ந்தது. கல்லைத்தான் காணோம்.

"அத்தான், நீங்கதான் ஏற்கெனவே பார்த்திருக்கீங்களே, எந்த மரத்துப் பக்கம்?" என்றார் பல் டாக்டர்.

"அப்ப இந்த மரமெல்லாம் இல்லப்பா."

"இந்த மரத்துக்கு வயசு இருநூறு இருக்கும் போலிருக்கே!"

"வளர்ந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு சர்வேயர் ஒரு புதருக்குள் அவசரமாகத் தலையை விட்டார்.

சாயங்காலம் மணல்திட்டில் உட்கார்ந்து டீ போட்டார்கள். நாளைக் காலையில் திரும்பியாக வேண்டும், ரொட்டி அவ்வளவுதான். கண்டக்டரம்மா குறிப்பேட்டு நகலை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, சில்லறை சரிபார்க்கிற மாதிரி வரிவரியாகப் படித்தார்.

"என்னங்க, இவரும் நம்மள மாதிரி கிழக்கதானே போனாரு?"

"ஆமா. ஆறு வேற பக்கம் போகாதே."

"அப்புறம் ஏன் 'சாயங்கால வெயில் கண்ணைக் குத்துது, தொப்பியை இறக்கிக்கிட்டேன்'னு எழுதியிருக்காரு? மூணு நாளா சாயங்காலம் நமக்கு முதுகுதானே வேகுது?"

சர்வேயரின் டீ உதட்டுக்குப் பாதி வழியில் நின்றது.

"தாடி மேல பட்டு எதிரொளிச்சிருக்கும்" என்றார் பல் டாக்டர்.

"நீ சும்மா இருடா. தாடிக்காரரு திரும்பி உட்கார்ந்து போயிருக்காரு. நான் முப்பது வருஷம் டிரைவருக்கு முதுகைக் காட்டி நின்னவ. எனக்குத் தெரியாதா? எனக்கு இடது, பஸ்ஸுக்கு வலது. வேலைக்குச் சேர்ந்த புதுசுல இதைக் குழப்பிக்கிட்டு ஒரு கல்யாணக் கூட்டத்தையே தப்பான பக்கம் இறக்கிவிட்டேன்."

சர்வேயர் நெற்றியில் அடித்துக்கொண்டார். கிளம்பின இடத்தில் ஒரு கொடியை நட்டுவிட்டு, அதன் மேலேயே கண்ணை வைத்துத் திசை குறித்துக்கொண்டு போவது அந்தக் காலத்து வழக்கம். பின்னால் பார்த்தபடிதான் உட்கார முடியும். ஆறு ஓடும் திசையைப் பார்த்தே இடம் வலம் சொல்ல வேண்டும் என்ற விதி அதற்குப் பிறகு வந்தது. அந்த விதியைப் பரீட்சைக்கு நெட்டுருப் போட்ட தலையில், வேறு எதுவும் நுழையவில்லை.

"அப்ப வலக்கரை!" என்று எழுந்தார். எழுந்த வேகத்தில் டீ முழுவதும் மைத்துனர் மடியில்.

இரண்டு விசில். இன்னும் வெளிச்சம் இருந்தது. அக்கரையில் நாற்பது அடி வைத்தார்கள். முப்பத்தெட்டிலேயே சர்வேயரின் முட்டி எதிலோ இடித்தது. இடுப்பு உயரத்துக்குப் பாசி போர்த்திய ஏதோ ஒன்று, வேர்களுக்கு நடுவே நின்றது. பல் டாக்டர் பையிலிருந்து சுரண்டும் கொக்கியை எடுத்தார். அது இல்லாமல் அவர் பாத்ரூமுக்குக்கூடப் போக மாட்டார்.

"நூத்தம்பது வருஷமா கிளீன் பண்ணாத கேஸ். கொஞ்சம் பெரிசா திறங்க" என்று கல்லிடம் சொல்லிவிட்டுச் சுரண்டினார். ஒரு அம்புக்குறி வந்தது. அதன் கீழே ஒரு நேர்கோடு. ஒன்று.

சர்வேயர் உள்ளங்கையை அதன் மேல் வைத்தார். கல் சில்லென்று இருந்தது. நினைத்ததைவிடக் குட்டை. உளி ஓரிடத்தில் வழுக்கி, அந்த 'ஒன்று' என்ற எண்ணுக்கு ஒரு சின்ன வால் முளைத்திருந்தது. அந்த வாலை இந்த முப்பத்தைந்து வருஷத்தில் அவர் ஒரு தடவைகூடக் கற்பனை செய்ததில்லை. விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

அப்புறம்தான் உறைத்தது. கல் வலக்கரையில் நின்றது. வரைபடத்தில் அவர் "கண்டேன்" என்று எழுதியிருந்தது இடக்கரையில்.

"நான் பார்க்கலை" என்றார் மெதுவாக. "அப்ப நான் வரவே இல்ல. மழைல கூடாரத்துலயே உட்கார்ந்து எழுதிட்டேன்."



"அதனாலென்ன அத்தான்?" என்றார் பல் டாக்டர். "ஆறு தெரியாத மாதிரி கல்லை மட்டும் ஒரு போட்டோ எடுப்போம். எந்தக் கரைன்னு எவன் வந்து பார்க்கப் போறான்?"

சர்வேயர் மனைவியைப் பார்த்தார். அவர் கல்லின் வாலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவனும் வரமாட்டான்" என்றார் சர்வேயர். "எனக்கப்புறம் எவனாவது ஒரு பைத்தியக்காரன் வந்தா, அவனும் அந்தப் பக்கமே முள்ளுல விழுந்து எந்திரிப்பான். வேண்டாம்பா. பின்னால தள்ளி நில்லு. ஆறு, சிவப்புப் பாறை எல்லாம் விழணும்."

மைத்துனர் தள்ளிப் போய், இன்னும் தள்ளிப் போய், தண்ணீரிலேயே இறங்கி நின்று படம் எடுத்தார். சர்வேயர் கல்லின் தலைமேல் நோட்டை வைத்து எழுதினார்: "முதல் கல். வலக்கரை. இன்று கண்டேன். முன்பு எழுதியது காணாமல் எழுதியது." எழுதி முடித்துவிட்டு, கையெழுத்துப் போடாமல் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார்.

கண்டக்டரம்மா பக்கத்தில் வந்து நோட்டை எட்டிப் படித்தார். விசிலை எடுத்து, கொக்குகள் எல்லாம் எழும்பிப் பறக்கும்படி ஒரே ஒரு தடவை ஊதினார்.

"முப்பத்தஞ்சு வருஷம் டிக்கெட் இல்லாம வந்திருக்கீங்க. ம், போடுங்க கையெழுத்தை. இருட்டுறதுக்குள்ள அக்கரைக்குப் போகணும்."

போட்டார். திரும்பும்போது படகில் அவர் மட்டும் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டார். துடுப்பு யார் போடுவது என்று மைத்துனர் கத்தியது அவர் காதில் விழவே இல்லை.