புதிய பலகையில் ஒற்று வராது

கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்று கணவர் காதில் விழும்படி சொன்னதுதான் ப்ரூஃப்பம்மா செய்த தப்பு. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அது பாட்டுக்கு முக்கி முனகிக்கொண்டு ஓடியிருக்கும். அவளும் ஒரு கோப்பைத் திறக்கக் கொடுத்துவிட்டு, அது திறப்பதற்குள் காய்ந்த துணியை மடித்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருப்பாள்.

ப்ரூஃப்பம்மா என்பது பதிப்பகத்தில் வைத்த பெயர். அச்சுக்குப் போகும் புத்தகங்களை வீட்டில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரிலேயே படித்துப் பிழை திருத்திக் கொடுப்பது அவள் வேலை. மற்ற பிழைகளைக்கூட மன்னித்துவிடுவாள். ஒற்றுப் பிழையை மட்டும் மன்னிக்க மாட்டாள். ‘அந்த பையன்’ என்று யாராவது எழுதியிருந்தால், நடுவில் ஒரு ‘ப்’ போட்டு ‘அந்தப் பையன்’ ஆக்கும்வரை அவளுக்குச் சாப்பாடு இறங்காது. வரக்கூடாத இடத்தில் ஒற்று வந்து உட்கார்ந்திருந்தாலோ இன்னும் மோசம்; அதை எழுதியவனைப் பெற்றவர்கள்வரை போய்விடுவாள்.

இப்போது கையில் இருந்தது பள்ளிப் பிள்ளைகளுக்கான அகராதி. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, உள்பக்கத்தில் ‘மெய்ப்பு’ என்று போட்டு அதன்கீழ் அவள் பெயரும் வரப்போகிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் கோப்பு வந்து சேரவேண்டும், வராவிட்டால் இருக்கிறபடியே அச்சுக்குப் போய்விடும் என்று பதிப்பாளர் கறாராகச் சொல்லிவிட்டார். அகராதியிலேயே பிழை, அதற்குமேல் அவள் பெயர். பார்க்கிறவர்கள் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பார்கள்.

கணவர் பிஸ்கட் ஆலையில் தரம் பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எதையும் நாலோடு நாலு வைத்து ஒப்பிட்டுப் பார்க்காமல் வாங்கமாட்டார். ஒரு மின்விசிறியைத் தேர்ந்தெடுக்கக் கோடை முழுவதையும் எடுத்துக்கொண்டு, மழை பிடித்த அன்று பெருமையாக வாங்கிவந்து மாட்டிய மனிதர். அப்படிப்பட்டவரிடம் போய் ‘மெதுவா இருக்கு’ என்றால் விடுவாரா? வைரஸ் இருக்கும், உளவு பார்க்கிற சாமான் ஏதாவது உள்ளே புகுந்திருக்கும், நல்ல ஆன்டிவைரஸாகப் பார்த்துப் போடுகிறேன் என்று அன்றைக்கே மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

போட்டார். ஒன்றோடு நிறுத்தினாரா? ஒவ்வொன்றும் கொஞ்ச நாளைக்கு இலவசம் என்பதால், கிடைத்ததையெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு நல்லதை மட்டும் வைத்துக்கொள்வதாகத் திட்டம். பிஸ்கட்டை அப்படித்தான் பார்ப்பார்களாம். பூட்டுப் படம் போட்ட ஒன்று, கோட்டைப் படம் போட்ட ஒன்று, வாள் பிடித்த வீரன் ஒருவன், கடைசியாக உளவு நிரல்களை மட்டும் பிடிப்பதற்கென்றே ஓர் ஆந்தை. பூட்டுக்குக் கோட்டையைக் கண்டால் சந்தேகம். கோட்டைக்கு வீரனைக் கண்டால் ஆகாது. ஒன்று மற்றொன்றைத் திருடன் என்று பிடித்து நிறுத்தி விசாரிக்கும். விசாரணை முடியும்வரை திரை அசையாது. ப்ரூஃப்பம்மா ஓர் எழுத்தை அடித்தால், அது திரைக்கு வந்துசேர்வதற்குள் என்ன வார்த்தை அடிக்க வந்தோம் என்பதே அவளுக்கு மறந்துபோகும்.

முன்பு மெதுவாகவாவது ஓடியது, இப்போது நின்றே போய்விட்டது என்று அவள் சொல்லிப் பார்த்தாள். சோதனை முடியட்டும் என்றார் அவர். எது எத்தனை பிடிக்கிறது என்று பார்க்காமல் எப்படி முடிவு செய்வதாம்? பூட்டு ஒன்றையும் பிடிக்கவில்லை. கோட்டையும் அப்படியே. வீரன் பூட்டைப் பிடித்தான். இதில் எதைத்தான் நம்புவது என்று அவளிடமே வந்து கேட்டார். அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளே ஆந்தையின் முறை நடந்துகொண்டிருந்தது. நாலில் ஆந்தைக்கு மட்டும்தான் தமிழ் தெரியும். அதுவும் யாரோ வார்த்தைக்கு வார்த்தை தேடிப்பிடித்து மொழிபெயர்த்த தமிழ். ஒற்றன் செய்வது ஒற்றுதானே என்று, உளவு நிரலுக்கு அதில் ‘ஒற்று’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். இந்த விஷயம் ப்ரூஃப்பம்மாவுக்கு அப்போது தெரியாது.

“இந்தாம்மா, புதிய பலகையில ஒற்று இருக்காம். எடுத்துடவா?” என்று கணவர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

திரையில் திறந்து கிடக்கும் அகராதியைத்தான் படிக்கிறார் என்று நினைத்தாள் அவள். பரவாயில்லையே, மனுஷன் உருப்படியாக ஒரு பிழையைக் கண்டுபிடித்திருக்கிறாரே என்று கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது. எவனோ ‘புதியப் பலகை’ என்று தட்டியிருக்கிறான்.

“புதிய பலகையில ஒற்று வராது, அது பெயரெச்சம்” என்றாள். “எடுங்க.”

“அடியோட எடுத்துடவா?”

“பின்ன, வச்சுக்கிட்டு அழகு பார்க்கப்போறோமா? எடுங்கன்னா எடுங்க.”

எடுத்துவிட்டார். வாழ்க்கையில் அவர் யோசிக்காமல் சட்டென்று செய்துமுடித்த காரியம் அது ஒன்றுதான்.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தவள் எழுத்தை அடித்தாள். தமிழ் வரவில்லை, ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக வந்து விழுந்தன. திரையின் கீழ்மூலையில் எப்போதும் இருக்கும் குட்டி ‘அ’வைத் தேடினாள். அந்த இடம் காலியாக இருந்தது.

அந்த ‘அ’ அவள் தம்பி கொடுத்தது. தம்பி வெளியூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். பழைய தட்டச்சு மெஷினில் பழகிய அக்காவின் விரல்கள் எங்கெங்கே போகுமோ, அங்கங்கே எழுத்துகளைக் கொண்டுவந்து வைத்து, அவளுக்கென்றே அந்தத் தட்டச்சு நிரலை எழுதியிருந்தான். புள்ளி வைக்கிற விசைகூட அவள் கேட்ட இடத்தில்தான் இருந்தது. அவளுக்கு ஆபரேஷன் நடந்து வீட்டோடு கிடந்த சமயத்தில் பார்க்க வந்தவன், முன்னதைவிட வேகமாக இருக்கும் என்று சொல்லி வேறொன்றை மாற்றிவைத்துவிட்டுப் போனான். அதற்கு அவன் ‘புதிய பலகை’ என்று பெயர் வைத்திருந்தது அவளுக்கு எங்கே நினைவிருக்கிறது? அவளைப் பொறுத்தவரை அது மூலையில் இருக்கிற ‘அ’, அவ்வளவுதான்.

‘ஒற்று அழிக்கப்பட்டது, மீட்க இயலாது’ என்று ஆந்தை எழுதிக் காட்டியதைக் கணவர் பயந்துபோய்ப் படித்தார். அது விசை அழுத்துவதையெல்லாம் பார்த்து வெளியே யாருக்கோ தகவல் சொல்கிறதாம், அதனால்தான் ஆந்தை பிடித்தது என்று விளக்கமும் சொன்னார்.

“தட்டச்சு அடிக்கிற நிரல், விசையைப் பார்க்காம வானத்தையா பார்க்கும்?” என்றாள் ப்ரூஃப்பம்மா.

“நீதானே எடுக்கச் சொன்னே?”

அவள்தான் சொன்னாள், இலக்கணத்தோடு சொன்னாள். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

புதன்கிழமை முழுவதும் கம்ப்யூட்டரோடு வருகிற விசைப்பலகையை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினாள். ‘க’ அடித்தால் வேறொன்று வந்தது. புள்ளி எங்கே இருக்கிறதென்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் திருத்த வந்த இடம் தவறிப்போனது. அவள் பிழை திருத்திய வேகத்தைவிடப் புதிதாகப் பிழை சேர்த்த வேகம் அதிகம். வேண்டுமானால் விசைப்பலகைகளில் நல்லதாக நாலைப் போட்டு ஒப்பிட்டுப் பார்க்கட்டுமா என்று கணவர் மெல்லக் கேட்டார். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவர் எழுந்துபோய், யாரும் கேட்காமலே பால்கனியைப் பெருக்கினார்.

பெருக்கி முடித்து வந்து, தம்பிக்கு ஒரு போன் போட்டால் காரியம் முடிந்தது என்றார். அது அவளுக்குத் தெரியாதா? இரண்டு வருஷமாக அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. தம்பி மகளின் கல்யாணப் பத்திரிகையை மாப்பிள்ளையின் அப்பாவே எழுதி, அச்சடித்து, ஆசையாகக் கொண்டுவந்து நீட்டினார். ப்ரூஃப்பம்மா கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். சம்பந்தி வீட்டார் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, வரவேண்டிய ஒற்று வராத இடத்தையெல்லாம் ஒவ்வொன்றாகச் சுழித்துக் கொடுத்தாள். சம்பந்தியின் முகம் செத்துப்போய்விட்டது. அன்று சாயங்காலம் தம்பி, “உனக்கு மனுஷங்க முக்கியம் இல்லக்கா, ஒற்றுதான் முக்கியம்” என்று சொல்லிவிட்டுப் போனவன்தான். கல்யாணத்துக்குப் போனார்கள், கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள், சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டார்கள்.

அவன் சொன்னது தப்பு என்று அவள் இன்றுவரை நினைக்கிறாள். பிழையைப் பிழை என்று சொன்னது ஒரு குற்றமா? ஆனால் ராத்திரி படுத்தால் அந்த வாக்கியம் மட்டும் வந்து நிற்கும். அதில் திருத்த ஒன்றும் இருக்காது.

வியாழக்கிழமை காலையில் பதிப்பாளர் கூப்பிட்டார். முக்கால்வாசி முடிந்திருக்கும் என்று அவராகவே ஊகித்துக்கொண்டு, உள்பக்கத்தில் அவள் பெயரை எப்படிப் போடவேண்டும், முதலெழுத்து வேண்டுமா என்று கேட்டார். அவள் பொய்யும் சொல்லாமல் மெய்யும் சொல்லாமல் மென்றுவிழுங்கிவிட்டுப் போனை வைத்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு தம்பியின் எண்ணை அழுத்தினாள். கணவரும் கேட்கட்டும், இவரால்தானே இத்தனையும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

மணி முழுதாக ஒருமுறைகூட அடிக்கவில்லை. அதற்குள் எடுத்துவிட்டான்.

“அக்கா? உடம்புக்கு என்ன?”

“உடம்புக்கு ஒண்ணுமில்ல. ஏன்டா?”

“செவ்வாய்க்கிழமையிலேர்ந்து நீ டைப் பண்ணலையே.”

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். கணவரின் புருவம் மேலே போனது. அது எப்படி உனக்குத் தெரியும் என்று அவள் கேட்டாள். கேட்ட குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். ஆபரேஷன் முடிந்து அவள் வீட்டில் தனியாகக் கிடந்த நாட்கள். மாமா வேலைக்குப் போய்விடுவார். போன் செய்தால், வேலை கிடக்கிறது வைடா என்று வைத்துவிடுவாள். அதனால் புதிய பலகையில் ஒரு சின்ன வேலை செய்துவைத்தானாம். காலையில் அவள் முதல் எழுத்தை அடித்ததும் அவன் மேஜையில் ஒரு மணி அடிக்கும்.

“நீ என்ன எழுதுறேங்கிறதெல்லாம் வராதுக்கா. உட்கார்ந்துட்டேங்கிறது மட்டும்தான் வரும்.”

“நாமதான் பேசிக்கவே இல்லையேடா. அப்பவுமா?”

“அப்பதான் காலையில எழுந்ததுமே அதுக்குக் காத்துக்கிட்டு இருப்பேன்” என்றான் தம்பி. “நேத்து உங்க ஊர் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்துட்டேன். நீ கதவைத் திறப்பியோ மாட்டியோன்னு திரும்பிட்டேன்.”

ப்ரூஃப்பம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் தன் வீட்டுக்குள் ஒற்றனை வைத்து வேவு பார்த்திருக்கிறான், கேட்பாரில்லை. திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். கண்தான் நிறைந்தது. இந்த இரண்டு வருஷத்தில் தம்பிக்குத் தன் நினைப்பே இல்லை என்று அவள் அழுதிருக்கிறாள். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து முதல் எழுத்தை அடித்த காலைகளிலும் அங்கே மணி அடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

“அப்போ ஆந்தை சொன்னது சரிதானே?” என்றார் கணவர். முகத்தில் அப்படியொரு மலர்ச்சி. “பூட்டுக்கும் கோட்டைக்கும் தெரியல, வீரனுக்கும் தெரியல பாரு. எதை வாங்குறதுன்னு முடிவாயிடுச்சு.”

இந்த மனுஷரை என்ன செய்தால் தகும்? ஆனால் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனுக்குள்ளே தம்பியும் சிரித்தான். மாமா இன்னும் மாறவே இல்லை என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, சொல்லாமல் வைத்தது தன் தப்புதான், அந்த மணியை எடுத்துவிட்டு இப்போதே அனுப்பிவைக்கிறேன் என்றான்.

“ஒண்ணையும் எடுக்காத. இருக்கிறபடியே அனுப்பு” என்றாள் அக்கா. “அப்புறம், ஞாயித்துக்கிழமை வா. பொண்ணையும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வா. சம்பந்தியும் வரட்டும், பேனாவை எடுக்கமாட்டேன்.”

சொன்னபடி அனுப்பினான். அதற்குள் கணவர் பூட்டையும் கோட்டையையும் வீரனையும் வெளியே தள்ளியிருந்தார். ஆந்தை மட்டும் மிஞ்சியது. அசையாமல் கிடந்த கம்ப்யூட்டர் திடீரென்று ஓடத் தொடங்கியது. இத்தனை நாளும் அதன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது யார் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு விளக்கம் சொல்வார்.

புதிய பலகையை உள்ளே விட்டதுதான் தாமதம், ஆந்தை கண்ணை உருட்டிக்கொண்டு வந்து நின்றது. கணவர் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இன்னொருமுறை கையைச் சுட்டுக்கொள்ள அவர் தயாராக இல்லை.

“இந்தாம்மா, திரும்பவும் கேக்குது. புதிய பலகையில ஒற்று இருக்காம். என்ன பண்ணட்டும்?”

“இலக்கணப்படி வராதுதான்” என்றாள் ப்ரூஃப்பம்மா. “இருந்துட்டுப் போகட்டும்.”

அவர் இரண்டுமுறை படித்துப் பார்த்துவிட்டு, ‘நம்பத்தக்கது’ என்ற இடத்தில் அழுத்தினார். கீழ்மூலையில் ‘அ’ வந்து உட்கார்ந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்கு இன்னும் நேரம் இருந்தது, அவள் விரலுக்கு அது போதும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, விட்ட இடத்தைத் தேடிப் பிடித்து முதல் எழுத்தை அடித்தாள். அங்கே மணி அடித்து முடிக்கட்டும் என்று ஒரு நொடி பொறுத்துவிட்டு, அடுத்த எழுத்துக்குப் போனாள்.