பாதி நீச்சலில் மாறிய கடிகாரம்

என் அக்கா மகளை வீட்டில் வாத்து என்றுதான் கூப்பிடுவோம். தண்ணீரை விட்டு வெளியே வரமாட்டாள். அன்று காலை நானூறு மீட்டரில், தகுதி நேரத்துக்கு நூற்றில் மூன்று பங்கு விநாடி முன்னால் சுவரைத் தொட்டாள். தேசிய முகாமுக்கு இடம் கிடைத்துவிட்டது என்று அக்கா போனில் அழுதாள். மதியமே தலைமை நடுவர் அந்த நேரத்தை நிறுத்திவைத்துவிட்டார். நேரம் அளக்கும் கணினியின் பதிவில், கடிகாரத்தை நம்ப முடியாது என்று எச்சரிக்கை வந்திருந்தது. அதுவும் அவள் நீந்திக்கொண்டிருந்தபோதே. ஐந்து மணிக்கு முகாமுக்கான பட்டியல் போய்விடும்.

அந்தக் கணினியை அமைத்துக் கொடுத்தவளே நான்தான். கேட்டதும் குளத்து அலுவலகத்துக்கு ஓடினேன்.

"நீங்க அந்தப் பொண்ணுக்கு என்ன வேணும்?" என்றார் நடுவரம்மா.

"சித்தி."

"அப்ப நீங்க சொல்றதை நான் எப்படி நம்புறது?"

"நம்ப வேண்டாம் மேடம். பக்கத்துல உக்காந்து பாருங்க."

எரிச்சலில் சொன்னேன். அவர் நிஜமாகவே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கணினிக்குள் இரண்டு கடிகாரங்கள். ஒன்று வேலை பார்க்கும், மற்றது அதைக் கண்காணிக்கும். கணினியின் அடிமட்ட மென்பொருளான கர்னல் இரண்டையும் அடிக்கடி ஒப்பிடும். வித்தியாசம் தெரிந்தால் விசாரணையெல்லாம் கிடையாது. முதலாவதைக் குற்றவாளி என்று எழுதிவிட்டு, வேலையை இரண்டாவதிடம் கொடுத்துவிடும். யார் சொன்னது சரி என்று கேட்க மூன்றாவது சாட்சி வேண்டும். இணையத்து நேரம் இருந்திருக்கும், ஆனால் போட்டி நடக்கும்போது இணையக் கேபிளைக் கழற்றிவிட வேண்டும் என்பது இந்தக் குளத்துச் சட்டம்.

கேபிளை மாட்டினேன். காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது கடிகாரத்தை இணையத்து நேரத்தோடு இரண்டு மணி நேரம் ஒப்பிட்டுக் குறித்துக்கொண்டேன். பிறகு கணினியை மறுபடி துவக்கி முதலாவதை ஓடவிட்டேன். நாற்பது நிமிடம் ஆகியும் எச்சரிக்கை வரவில்லை. நடுவரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கணினியை இயக்கும் அண்ணனைக் கூப்பிட்டேன். "காலைல என்னென்ன பண்ணீங்களோ, அதையெல்லாம் இப்பவும் பண்ணுங்க."

"நான் எதையும் தொடலையேம்மா."

"சட்டைப் பையில என்ன?"

பென்டிரைவ். எப்போதோ ஒருமுறை ஒரு நாள் முடிவுகள் மொத்தமும் அழிந்துபோய் மனுஷன் திட்டு வாங்கியிருக்கிறார். அன்றிலிருந்து ஒரு போட்டியின் முடிவை, அடுத்த போட்டி ஓடும்போதே அதில் நகல் எடுத்துவிடுவாராம். இது அவருக்கு மூச்சுவிடுகிற மாதிரி. செய்கிறோம் என்ற நினைப்பே இல்லை.

அந்தப் பழைய பென்டிரைவைச் செருகி நகல் எடுத்தார். கணினி திணறியது. எச்சரிக்கை வந்து விழுந்தது. இணையத்து நேரத்தோடு பார்த்தால் முதலாவது கடிகாரம் இம்மியும் பிசகவில்லை. கணினி திணறியதில் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் தாமதமாகியிருக்கிறது. பாவம், தப்பே செய்யாததைத் தண்டித்திருக்கிறது கர்னல்.

"அப்ப நேரம் சரிதானே?" நடுவரம்மா பேனாவை எடுத்துவிட்டார்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். மூடவும் ஆசையாகத்தான் இருந்தது.

"இருங்க மேடம். எச்சரிக்கை வந்ததுக்கு அப்புறம் மீதி மூணரை நிமிஷத்தை அளந்தது ரெண்டாவது கடிகாரம். அது ஒரு நாளைக்கு நாலு விநாடி மெதுவா ஓடுது. அதையும் சேர்க்கணும். எவ்வளவு வரும்னு எனக்கே இன்னும் தெரியாது."

வாசலில் ஈரத் தலையோடு வாத்து நின்றுகொண்டிருந்தாள். முகம் வெளிறிவிட்டது. "கணக்கைப் போடுங்க சித்தி," என்றாள்.

போட்டேன். நூற்றில் ஒரு பங்கு விநாடி கூடியது; தகுதிக்கு இன்னும் இரண்டு பங்கு மிச்சம். நடுவரம்மா தன் போனில் மூன்று முறை போட்டுப் பார்த்தார். பழைய நேரத்தை அடித்து, புதியதை எழுதி, கையெழுத்துப் போட்டார்.

"அந்த ஒண்ணை நீங்களே எடுத்தீங்க பாருங்க, அதனாலதான் மிச்சம் ரெண்டை நம்புறேன்," என்றார்.

வெளியே வந்ததும் வாத்து என் தோளில் குத்தினாள். "எந்தச் சித்தியாவது இப்படிப் பண்ணுவாளா? என் வேகத்தைக் குறைச்சிட்டீங்களே!"

"முகாமுக்குப் போய்த் திருப்பி எடுத்துக்கோடி."

அவள் அதற்குள் மறுபடி குளத்தில் இறங்கியிருந்தாள்.