நீச்சல் தெரிந்த பதினாறு பேர்

அந்த வட்டாரத்தில் பயோடேட்டா தட்டித் தரும் ஜெராக்ஸ் கடை ஒன்றே ஒன்றுதான். கடைக்காரம்மா தங்கமானவர். யார் வந்தாலும் உட்கார வைத்து, மின்விசிறியை அவர்கள் பக்கம் திருப்பி விட்டு, பேரையும் படிப்பையும் போன் நம்பரையும் கேட்டுக்கொள்வார். அதற்கு மேல் ஒன்றும் கேட்க மாட்டார். மிச்சமெல்லாம் கம்ப்யூட்டரில் தயாராக இருந்தது. கடின உழைப்பாளி, குழுவாகப் பணியாற்றும் திறன், தங்கள் மேலான நிறுவனத்தோடு சேர்ந்து வளர ஆவல், பொழுதுபோக்கு நீச்சல்.

"எனக்கு நீச்சல் தெரியாதேம்மா" என்று, ஆஸ்பத்திரித் துணி அறை வேலைக்கு மனுப் போட வந்த அவள் சொல்லிப் பார்த்தாள்.

"இருக்கட்டும்மா, நல்ல ஆரோக்கியமான ஆளுன்னு நினைப்பாங்க. ஆஸ்பத்திரியில என்ன, கிணறா வெட்டி வச்சிருக்காங்க, குதிச்சுக் காட்டச் சொல்ல?"

அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நாற்பத்தொரு வயதில் வேலை தேடி அலைகிறவள் பொழுதுபோக்குக்காகவா மல்லுக்கு நிற்பாள்? பேசாமல் இரண்டு பிரதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

வீடு என்றால் மூன்றாவது மாடியில் ஓர் அறை, ஓர் அடுப்பு, தெருவைப் பார்க்கும் ஒரு ஜன்னல். ஆனால் அங்கே விளக்கைப் போடுவதும் அணைப்பதும் அவள் இஷ்டம். பதினோரு வருஷம் ஒரு ஹோட்டலின் துணி அறையில் வேலை பார்த்துச் சம்பாதித்த இஷ்டம் அது. நான்கு மாதத்துக்கு முன்னால் ஹோட்டலை இழுத்து மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஏழு இடம் ஏறி இறங்கிவிட்டாள். "சொல்லி அனுப்பறோம்" என்றார்கள் ஏழு இடத்திலும், ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை.

அவளுடைய அண்ணன் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எதிர்த்துப் பேசுவது சுலபமாக இருந்திருக்கும். "துணி மடிச்சவளுக்கு சிபாரிசு இல்லாம யாரும்மா வேலை தருவா? ஞாயித்துக்கிழமை வந்து சாமானை ஏத்திட்டுப் போறேன். எங்களோடயே இரு. அண்ணிக்கும் ஒத்தாசையா இருக்கும்" என்று பாசமாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஒத்தாசை என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, எல்லோரும் சாப்பிட்ட பிறகு சாப்பிட்டு, வெளியே போவதற்கு ஒவ்வொரு தடவையும் காரணம் சொல்லிக்கொண்டிருப்பது. ஒருமுறை ஒத்தாசைக்குப் போய்விட்டால் அதிலிருந்து ராஜினாமா செய்ய முடியாது.

ஆஸ்பத்திரி நேர்முகத் தேர்வு வியாழக்கிழமை. ஞாயிறுக்கு முன்னால் அது ஒன்றுதான் மிச்சம்.

மேஜைக்குப் பின்னால் நிர்வாக அதிகாரி, கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தலைமை நர்ஸ். சிரிப்பைச் சீருடையோடு சேர்த்துக் கஞ்சி போட்டுவிட்டவர் மாதிரி முகம். அதிகாரி அவளுடைய தாளை ஒரு பார்வை பார்த்தார்.

"உங்களுக்கும் நீச்சல் தெரியுமா?"

அவள் பதில் சொல்வதற்குள், ஒரு கட்டுத் தாளை மேஜைமேல் சீட்டுக்கட்டு மாதிரி விரித்தார். "உங்களோட சேர்த்துப் பதினாறு பேர். பதினாறு பேரும் கடின உழைப்பாளி. பதினாறு பேருக்கும் நீச்சல் தெரியும். வெள்ளம் வந்தா இந்த ஆஸ்பத்திரிக்குக் கவலையே இல்லை."

அவளுக்குக் காது சுட்டது. சின்ன வயதில் கற்றுக்கொண்டேன் என்று ஒரு பொய் வாய் வரைக்கும் வந்தது. வந்ததை அப்படியே விழுங்கினாள்.

"தெரியாது சார். முழங்கால் தண்ணியில இறங்கினாலே பக்கத்துல இருக்கறவங்களைப் புடிச்சுக்குவேன். அது ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டர்ல ஏற்கெனவே இருக்கறது. அந்தத் தாள்ல என் பேரு, படிப்பு, போன் நம்பர், இவ்வளவுதான் நிஜம்."

அதிகாரி தாளைத் திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தை மேலே வைத்துப் பேனாவைத் திறந்தார். "அப்ப நிஜத்தைச் சொல்லுங்க. இதுவரைக்கும் என்ன வேலை செஞ்சீங்க?"

துணி மடித்தேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ஏழு இடத்திலும் அதைத்தான் சொன்னாள். அண்ணன் சொல்லிச் சொல்லி அவளுக்கும் அதுவே பதிலாகிவிட்டிருந்தது. ஆனால் நீச்சல் போனபின் மானமும் பாதி போயாகிவிட்டது, இனி பயந்து என்ன ஆகப்போகிறது?

"ஒரு நாள்ல என்ன செய்வேன்னு சொல்லட்டுமா சார்?"

சொன்னாள். எண்பத்திநாலு அறைகளின் அழுக்குத் துணி காலை ஆறு மணிக்குக் கீழே வரும். ரத்தக் கறை பட்டதை முதலில் பிரித்து எடுத்துவிட வேண்டும், தெரியாமல் வெந்நீரில் போட்டால் கறை நிரந்தரமாகிவிடும். நடுவில் கிழிந்த விரிப்பைத் தூக்கி எறியாமல் ஓரங்களை வெட்டித் தலையணை உறை தைக்கக் கொடுப்பாள். புதிதாக வரும் ஒவ்வொரு கட்டுக்கும் ஓரத்தில் ஒரு கலர் நூல், பழசு முதலில் வெளியே போவதற்காக. அவளுக்குக் கீழே நான்கு பேர். அதில் இரண்டு பேருக்குப் பேச்சுவார்த்தை கிடையாது, அவர்களுக்கு நடுவில் தூது போவதும் அவள் வேலைதான். சொல்லச் சொல்ல இன்னும் இன்னும் வந்தது. இவ்வளவையுமா செய்தோம் என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. அதிகாரி பின்பக்கம் முழுவதையும் எழுதி நிரப்பியிருந்தார்.

"அதெல்லாம் ஹோட்டல்" என்று தலைமை நர்ஸ் குறுக்கே வந்தார். "இங்க போன மாசம்தான் இருநூறு விரிப்பு புதுசா வாங்கினோம். இன்னிக்குக் காலையில மாடி வார்டுல ஆபரேஷன் முடிஞ்சு வந்தவருக்கு விரிக்க ஒண்ணு கிடைக்கலை. எங்க போகுது? நீங்க சொல்லுங்க பாப்போம்."

"துவைக்கப் போறது சரியாத் திரும்பி வருதா சிஸ்டர்?"

"வருது."

"அப்ப எங்கயும் போகலை. இங்கதான் இருக்கு. ஒளிச்சு வச்சிருக்காங்க."

"யாரு?" என்றார் அதிகாரி.

"எல்லாரும்தான் சார். ஹோட்டல்ல ஒவ்வொரு மாடியிலயும் துண்டை ஒளிச்சு வைப்பாங்க. பாழடைஞ்ச குளியல் தொட்டிக்குள்ள இருந்துகூட எடுத்திருக்கேன். ஒரு தடவை கேட்டுக் கிடைக்கலைன்னா அடுத்த தடவை நாலு வாங்கி ரெண்டைப் பதுக்கிடுவாங்க. அதனால அடுத்தவங்களுக்குப் பத்தாது, அவங்களும் பதுக்குவாங்க. நீங்க ஆயிரம் வாங்கிப் போட்டாலும் பத்தாது."

அதிகாரி எழுந்தார். "வாங்க, காட்டுங்க."

பக்கத்து வார்டுக்குப் போனார்கள். பன்னிரண்டு கட்டில்கள், கோடியில் ஒரு இரும்பு அலமாரி. 'பழைய ஃபைல்கள்' என்று அதன்மேல் சீட்டு ஒட்டியிருந்தது. அலமாரி முழுக்கத் தூசி. பூட்டு மட்டும் தினமும் கைபட்டுப் பளபளவென்று இருந்தது. பழைய ஃபைலை யார் தினமும் திறந்து பார்ப்பார்கள்? கண்டுபிடித்துவிட்டேன் என்று அவள் வாயைத் திறக்கப் போனபோதுதான், தலைமை நர்ஸின் கை இடுப்புச் சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்தாள்.

வேலை கொடுக்க வேண்டியவரே திருட்டுக் கையோடு நிற்கிறார். காட்டிக்கொடுத்தால் வேலை போச்சு. தெரியவில்லை என்று கையை விரித்தால் வாயாடி என்று அனுப்பிவிடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்து நிற்பார். ஒரு நிமிஷம் நின்று யோசித்தாள்.

"சார், இருக்குற இடம் எனக்குத் தெரியுது. ஆனா திறக்க வேண்டாம். வச்சவங்க திருடலை. தன்னோட நோயாளி வெறும் ரப்பர் மெத்தையில படுக்கக் கூடாதுன்னு வச்சிருக்காங்க. நான் அந்த இடத்துல இருந்தா நானும் வச்சிருப்பேன். எனக்குப் பத்து நாள் குடுங்க. காலையில ஏழு மணி, மத்தியானம் ரெண்டு மணி, ஒவ்வொரு வார்டுக்கும் நானே வண்டியைத் தள்ளிட்டு வந்து நிக்கறேன். துணி சொன்ன நேரத்துக்கு வரும்னு நம்பிக்கை வந்துட்டா, ஒளிச்சதெல்லாம் தானா வெளிய வந்துடும். அதுவரைக்கும் யார்கிட்டயும் சாவி கேக்க மாட்டேன்."

தலைமை நர்ஸ் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று போய்த் தானே பூட்டைத் திறந்தார். கடை லேபிள்கூடக் கிழிக்காத விரிப்புகள் சரிந்து அவர் காலடியிலேயே விழுந்தன. அதிகாரியின் கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது.

"சிஸ்டர், நீங்களுமா?"

"நானும் இல்லை சார், நான்தான் முதல்ல" என்றார் அவர். கஞ்சி போட்ட முகம் உடைந்து சிரிப்பு வந்தது. கட்டிலில் படுத்திருந்தவர்கள்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்கள். "இந்தம்மாவை எடுத்துக்குங்க. இல்லைன்னா இதை எல்லாம் உள்ள வச்சு மறுபடியும் பூட்டிடுவேன்."

வேலை உத்தரவைக் கையில் வாங்கிக்கொண்டு அவள் வெளியே வந்தபோது மணி ஒன்றரை. திங்கட்கிழமை முதல் துணி அறைப் பொறுப்பாளர். நடுத்தெருவில் நின்று கத்த வேண்டும் போல இருந்தது. வயதை நினைத்து அடக்கிக்கொண்டு அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, வேலை கிடைச்சிடுச்சு. ஞாயித்துக்கிழமை அண்ணியைக் கூட்டிட்டுச் சாப்பிட வாங்க, சாமான் ஏத்த வேண்டாம்."

"வேலையா? யாரு சிபாரிசு?"

"யாரும் இல்லைண்ணே. ஹோட்டல்ல செஞ்சதை அப்படியே சொன்னேன்."

"துணி மடிச்சதையா?"

அவள் சாலையோர நிழலில் ஒதுங்கி நின்று, அதிகாரியிடம் சொன்னதை முதலிலிருந்து அவருக்கும் சொன்னாள். அண்ணன் ஊம் கொட்டிக்கொண்டே வந்தார். நடுவில் ஊம் நின்றுவிட்டது.

"இவ்வளவுமா செஞ்ச?" என்றார் கடைசியில். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. "பதினோரு வருஷத்துல எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேம்மா."

"எனக்கே இன்னிக்குத்தாண்ணே தெரிஞ்சுது" என்றாள் அவள்.