உடையாத கண்ணாடி

எங்கள் வீட்டில் எனக்குப் பெயர் உதறல். கட்டிக்கொண்டவர் வைத்தது. குக்கரில் ஒரு விசில் கூடுதலாக வந்தால் அடுப்படிக்கு ஓடுவேன். பாப்பா இரண்டு தடவை தும்மினால் டாக்டருக்கு போன் போடுவேன். ரோட்டைக் கடக்க நின்றால், தூரத்தில் வரும் லாரி என்னைத் தாண்டிப் போய்க் கண்ணுக்கு மறையும் வரை நிற்பேன். பிழைப்புக்குச் செய்வது மட்டும் கண்ணாடி வேலை. அண்ணனும் நானும் சேர்ந்து கடை நடத்துகிறோம். ஜன்னலுக்கு, ஷோகேஸுக்கு, கடை முகப்புக்கு எல்லாம் கண்ணாடி வெட்டி மாட்டுவோம். "உதறலெடுக்கிறவ கையில கண்ணாடியா?" என்று சிரிப்பவர்கள் உண்டு. பயமே இல்லாதவன் கையில் கொடுத்துப் பாருங்கள், விரல் மிஞ்சாது என்பேன்.

நாங்கள் குடியிருந்தது கீழ்வீட்டில். மாடியில் வீட்டுக்காரர், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், தனியாள். ஒருநாள் காலையில் படியிறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மகள் தன்னோடு வந்து இருக்கச் சொல்கிறாளாம், வீட்டை விற்றுவிடப் போகிறாராம்.

"வெளியாளுக்குக் கொடுக்க மனசு வரலம்மா. நீங்களே எடுத்துக்கோங்க. நான் கிளம்பறதுக்குள்ள ஒரு வார்த்தை சொன்னா போதும்."

அவர் மாடியேறும் வரைகூட இவருக்குப் பொறுமை இல்லை. பஸ் ஓட்டுகிறவர் ஆயிற்றே, முன்னால் இடம் தெரிந்தால் நுழைந்துவிட வேண்டும்.

"தானா வருது, விடக்கூடாது. இப்ப விட்டோம்னா இந்தத் தெருவுல ஒரு வாசப்படிகூட நம்மால வாங்க முடியாது."

இவர் சொன்னது பொய்யில்லை. தெரு எங்கள் கண்ணெதிரே ஆள் மாறிக்கொண்டிருந்தது. மாவு மில்லை மூடிவிட்டுக் காபிக் கடைக்குத் தச்சு வேலை நடந்தது. சைக்கிள் கடை ஜிம்மாகிவிட்டது. நாங்கள் முடி வெட்டிக்கொண்ட சலூன் இருந்த இடத்தில் நாய்களுக்கு முடி வெட்டுகிறார்கள். கட்டணத்தைக் கேட்டால் நமக்குத்தான் குரைக்கத் தோன்றும். பழைய குடித்தனக்காரர்கள் ஒவ்வொருவராகச் சாமான் வண்டி ஏறிப் போனார்கள். பாப்பாவின் பள்ளிக்கூடம் பக்கத்துத் தெருவில். இவருடைய டிப்போவுக்கும் என் கடைக்கும் நடந்தே போய்விடலாம். நாங்களும் வண்டி ஏறினால் எங்கே போய் இறங்குவோம் என்று எனக்கும் பயம்தான்.

ஆனால் அதைவிடப் பெரிய பயம் பக்கத்து மனையில் இருந்தது. அங்கிருந்த ஓட்டு வீட்டை இடித்துவிட்டு, பல மாடி கட்டுவதற்காகக் கிணறு மாதிரி பள்ளம் தோண்டியிருந்தார்கள். எங்கள் சுவருக்கும் அந்தப் பள்ளத்துக்கும் நடுவில் ஒரு ஆள் நடக்கிற அளவுக்குத்தான் மண். இரும்புத் தூண்களைத் தரைக்குள் அடித்து இறக்கும் இயந்திரம் காலையில் ஆரம்பித்தால் விளக்கு வைக்கும் நேரம் வரை ஓயாது. டம். டம். ஒவ்வொரு அடிக்கும் டம்ளர் தண்ணீரில் வளையம் போடும். அந்தப் பக்கச் சுவரில், பாப்பாவின் கட்டில் போட்டிருந்த இடத்துக்கு மேலே, ஜன்னல் மூலையிலிருந்து கூரை வரை சாய்வாக ஒரு விரிசல்.

இவர் பக்கத்து மனை என்ஜினியரைக் கூட்டிவந்து காட்டினார். அந்த ஆள் செருப்பைக்கூடக் கழற்றாமல் எட்டிப் பார்த்துவிட்டு, "பூச்சு வெடிப்பு சார், சுவருக்கு ஒண்ணுமில்ல" என்றார்.

"கேட்டியா உதறல்?"

கேட்டேன். பள்ளம் தோண்டுகிறவர் வேறென்ன சொல்வார்? அன்றே பாப்பாவின் கட்டிலை எதிர்ச்சுவருக்குத் தள்ளினேன். இவர் தலையில் அடித்துக்கொண்டார். "நீ பயந்து பயந்தே நம்மள நடுத்தெருவுல நிறுத்தப் போற" என்று கத்தினார், நானும் பதிலுக்குக் கத்தினேன், பாப்பா எங்கள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் கடைக்கு ஒரு கொத்தனார் எப்போதாவது வந்து விரலளவுக் கண்ணாடித் துண்டுகள் வாங்கிப் போவார். எதற்கு என்று கேட்டதற்கு, விரிசலின் குறுக்கே ஒட்டுவதற்கு என்றார். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடைந்துவிடும், உடையவில்லை என்றால் அது பழைய விரிசல், கவலை வேண்டாம்.

"கண்ணாடியை ஒட்டறேன். சார் கிளம்பற வரைக்கும் உடையலைன்னா வாங்கிடலாம். என் பயத்தை மூட்டை கட்டி வச்சுட்டு, கையெழுத்து போடறதுக்கு முதல் ஆளா நான் வரேன்" என்றேன்.

"உடைஞ்சா?"

"நீங்க வாயே திறக்கக் கூடாது. வேற வீடு பாக்கணும்."

இவர் ஒத்துக்கொண்டார். ஹெட்மாஸ்டரும் ஒத்துக்கொண்டார், பரீட்சை என்றால் அவருக்கு எப்போதும் பிடிக்கும்.

கடையில் இருப்பதிலேயே மெல்லிய கண்ணாடியை எடுத்து மூன்று துண்டு வெட்டினேன். ஓரங்களைத் தேய்த்தேன். சுவரைத் துடைத்து, பசைத் துப்பாக்கியை எடுத்து, இரண்டு முனையிலும் அழகாகப் பசை வைத்து, விரிசலின் குறுக்கே மேலே ஒன்று, நடுவே ஒன்று, கீழே ஒன்றாக ஒட்டினேன். பிசிறில்லாத வேலை. அண்ணன் வந்து பார்த்து, "சுவருக்கு நகை போட்டுவிட்டியா?" என்றான்.

அதன் பிறகு என் நாள் அந்தச் சுவரில்தான் விடிந்தது. கண் விழித்ததும் ஓடிப் போய்ப் பார்ப்பேன். மூன்றும் முழுசாக இருக்கும். சமைக்கும்போது டம் என்று ஒரு பலமான அடி கேட்டால் கரண்டியோடு ஓடுவேன். முழுசாக இருக்கும். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தும் ஒரு கீறல் கிடையாது. இவர் ஒவ்வொரு நாளும் டியூட்டி முடிந்து வந்ததும், "கண்ணாடி என்ன சொல்லுது?" என்று கேட்பார். "இன்னும் வாயைத் திறக்கல" என்பேன்.

பயம் ஒரேயடியாகப் போகவில்லை. முதலில் ஓடிப் பார்ப்பது நின்றது, பிறகு நடந்து போய்ப் பார்ப்பதும் குறைந்தது. ஒருநாள் காலையில் பார்க்கவே மறந்து கடைக்குப் போய்விட்டேன். மத்தியானம் ஞாபகம் வந்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. மனிதர்கள் இப்படித்தான் லேசாக வாழ்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். கட்டிலைப் பழைய இடத்துக்கே தள்ளச் சொன்னதும் நான்தான். ஜன்னல் காற்று அங்கேதான் வரும்.

பாப்பாவுக்கு மட்டும் விரிசலைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஒரு வீடு வரைந்து, வாசலில் எங்கள் மூன்று பேரையும் நிற்கவைத்து, பின்பக்கம் முழுக்கப் பசை தடவி, நடுக்கண்ணாடிக்கும் கீழ்க்கண்ணாடிக்கும் இடையில் விரிசலை மறைத்து ஒட்டிவிட்டாள். ஒரு வாரம்கூட ஆகவில்லை, படம் நடுவில் கிழிந்திருந்தது.

"நான் கிழிக்கலம்மா. அதுவா கிழிஞ்சுது."

"அதுவா எப்படிடி கிழியும்? பொய் சொல்லாத."

"நிஜமாம்மா."

பேப்பர் தானாகக் கிழியுமா? காதில் பூ சுற்றுகிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது. கிழித்ததற்காக அல்ல, பொய்க்காக என்று சொல்லி முதுகில் ஒன்று வைத்தேன். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஹெட்மாஸ்டர் கிளம்பும் நாள் நெருங்கியது. மறுநாள் காலை பத்திர ஆபீஸுக்குப் போவதாக முடிவானது. இவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுவைத்தார். நான் கடைக்குப் போனேன், மாவு மில் இருந்த இடத்தில் அன்று எங்களுக்கு வேலை. காபிக் கடையின் முகப்புக்குத் தரையிலிருந்து கூரை வரை ஒரே கண்ணாடி. அண்ணனும் நானும் தூக்கி நிறுத்தி, ஓரம் முழுக்க சிலிகான் பசை இழுத்து முடிக்கும்போது பிற்பகலாகிவிட்டது. கடை முதலாளி சின்ன வயசுக்காரர். லாரி ஒன்று போனபோது கதவுச் சட்டமெல்லாம் அதிர்ந்ததைப் பார்த்து முகம் சுண்டிப்போனார்.

"இப்படி ஆடுதே மேடம், கண்ணாடி உடையாதா?"

வருஷக்கணக்காக எத்தனையோ பேர் கேட்ட கேள்வி. வாய் தன் பாட்டுக்குப் பதில் சொன்னது. "அதெல்லாம் உடையாது சார். இந்தப் பசை ரப்பர் மாதிரி. சுவரே அசைஞ்சாலும் பசை இழுத்துக்கொடுக்கும், கண்ணாடிக்குத் தெரியவே தெரியாது."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது.

கையிலிருந்த பசைத் துப்பாக்கியைப் பார்த்தேன். அதே துப்பாக்கி, அதே பசை. கண்ணாடி உடையாமல் மாட்டுவதுதான் நான் கற்றுக்கொண்ட ஒரே வேலை. உடைவதற்காக ஒட்ட வேண்டிய இடத்திலும் கை பழகிய வேலையைப் பார்த்துவிட்டது. கொத்தனார் துண்டுகளை வாங்கிக்கொண்டு போனாரே, எதை வைத்து ஒட்டுவீர்கள் என்று நான் கேட்டேனா?

"என்னாச்சுடி?" என்றான் அண்ணன்.

"பாப்பா தூங்கற நேரம்" என்று மட்டும் சொன்னேன். கால் அதற்குள் தெருவில் இருந்தது. லாரி வருகிறதா என்று பார்க்காமல் நான் ரோட்டைக் கடந்தது அன்று ஒருநாள்தான். மனசில் ஓடியதெல்லாம் அந்தக் கட்டில். தள்ளச் சொன்னது என் வாய். டம் என்று பள்ளத்திலிருந்து சத்தம் வரும்போதெல்லாம் இன்னும் வேகமாக ஓடினேன். இந்த அடிக்கு விழுந்திருக்குமோ, அடுத்த அடிக்கு விழுமோ? தெரு முனை திரும்பி, வீடு நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த களைப்பில் பாப்பா சுவரோடு ஒட்டிப் படுத்திருந்தாள். இவர் பக்கத்தில் உட்கார்ந்து ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாப்பாவை அப்படியே வாரித் தூக்கி அவர் மடியில் போட்டேன்.

"வெளிய கொண்டுபோங்க."

"மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா உதறல்? நாளைக்குக் கையெழுத்து."

"முதல்ல வெளிய கொண்டுபோங்கன்றேன்ல!"

அந்தக் குரலை அவர் கேட்டதே இல்லை. பாப்பாவைக் கொண்டுபோய் எதிர் வீட்டு வாசலில் உட்காரவைத்துவிட்டு வந்தார். நான் கட்டில்மேல் ஏறி நடுக்கண்ணாடியை விரலால் தொட்டேன். உடையவில்லை, ஒரு கீறல் இல்லை. ஆனால் தொட்டதும் மெதுவாக ஆடியது. ஒரு முனையில் பசை, மென்ற சூயிங்கம் மாதிரி இழுபட்டு நூலாகியிருந்தது. இத்தனை நாளும் நான் கண்ணாடியைத்தான் பார்த்தேன், அதன் பின்னால் இருந்த விரிசலைப் பார்க்கவில்லை. ஒட்டும்போது நகம்கூட நுழையாத இடத்தில் இப்போது சுண்டுவிரல் நுழைந்தது.

கீழே பாப்பாவின் படம். கிழிசல் நேராக இல்லை. விரிசல் போன வழியிலேயே வீட்டின் கூரையைப் பிளந்து, எங்கள் மூன்று பேருக்கும் நடுவில் இறங்கியிருந்தது. எந்தக் குழந்தையும் அப்படிக் கிழிக்க முடியாது. பசை தடவிய பேப்பர் உண்மையைச் சொல்லியிருந்தது. அதற்கு நான் குழந்தையை அடித்திருந்தேன்.

இவர் இன்னும் நம்பவில்லை. நம்ப விரும்பவில்லை என்பதே சரி. "பசை காய்ஞ்சு சுருங்கியிருக்கும்" என்றார். இஸ்திரி போட்ட அந்தச் சட்டை கொடியில் தொங்கியது. நான் வாதாடவில்லை. இரண்டு டியூபைக் கலந்து ஒட்டினால் கல்லாக இறுகும் பசை வீட்டில் இருந்தது. நடுக்கண்ணாடியைப் பிய்த்தெடுத்து அந்தப் பசையால் ஒட்டினேன். பள்ளத்தில் டீ நேரம், இயந்திரம் நின்றிருந்தது. பசை இறுகும் வரை இரண்டு பேரும் கதவோரமாக நின்றோம். உடையாமல் இருக்கட்டும் என்றும் நினைத்தேன், அதையும் மறைக்க வேண்டியதில்லை. அந்த வீடு எனக்கும் வேண்டியிருந்தது.

இயந்திரம் ஆரம்பித்தது. டம்.

ஒன்றுமில்லை. இவர் என்னைப் பார்த்துச் சிரிக்கப் போனார்.

டம்.

"டிக்" என்று ஒரு சின்னச் சத்தம். கண்ணாடி நடுவில் இரண்டாகிவிட்டது.

இவர் வாயைத் திறக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். பெரிய பஸ்ஸை ஒரு கையால் திருப்புகிற மனுஷர், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு என் கையைப் பிடித்தார். அவர் கை ஜில்லென்றிருந்தது. "எனக்குப் பயமா இருக்கு" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் நான் கேட்காத வார்த்தை.

மாடிக்கு ஓடி ஹெட்மாஸ்டரைக் கூப்பிட்டோம். அவர் முதலில் நம்ப மறுத்தார், கண்ணாடிதான் பாஸாகிவிட்டதே என்றார். உடைந்த துண்டை அவர் உள்ளங்கையில் வைத்தேன். அதைப் புரட்டிப் பார்த்தார்.

"படுக்கையறைக் கதவு மூட மாட்டேங்குதும்மா. மரம் ஊதியிருக்கும்னு நெனச்சு, ஆளைக் கூப்பிட்டு ரெண்டு தடவை இழைச்சுட்டேன்" என்றார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போட்டிருந்த சட்டையோடு எங்கள் பின்னால் இறங்கினார்.

வேலையை நிறுத்தச் சொல்லி இவர் பள்ளத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டே ஓடினார். ஹெட்மாஸ்டர் தெருவில் நின்று தன் வீட்டை அண்ணாந்து பார்த்தார். இனி யாரும் அதை வாங்கப் போவதில்லை, அவராலும் இனி யாருக்கும் விற்க முடியாது. எங்கே தங்குவது என்று எனக்கும் தெரியவில்லை. எதிர் வாசலில் தூக்கம் கலையாத முகத்தோடு பாப்பா உட்கார்ந்திருந்தாள். நான் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தேன்.

"படத்தை நீ கிழிக்கலடா. சுவர்தான் கிழிச்சிருக்கு."

அவள் ஆச்சரியப்படவே இல்லை. "ராத்திரில அது டிக் டிக்னு சொல்லும்மா. எனக்குப் பயமா இருக்கும்."

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்னையும் உதறல்னு கூப்பிடுவீங்க."