மெர்டேக்காவுக்கு ஒரு தொட்டில்

எங்கள் காஜா பேராங் ஊரில் யார் வீட்டுப் பிள்ளைக்கு என்ன பெயர் என்பது முதலில் எனக்குத்தான் தெரியும். தியாகு வீடோ எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம். காதைத் தீட்டவும் வேண்டியதில்லை.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த அன்றைக்கே அவனுக்குப் பெண் பிறந்தது. விடுதலை என்பதற்கு ஊரே மலாயில் கூவிய அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டே பெற்றவள் அவன் மனைவி ஜெயா. மெர்டேக்கா என்றுதான் பெயர் வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

ஆனால் பெயரைக் குழந்தையின் காதில் சொல்ல வேண்டியவள் அத்தை. பெயர் சூட்டும் நாளில் தியாகுவின் அக்கா பொன்னம்மா பக்கத்து ஊரான செங்கிலிருந்து வந்து, வெற்றிலையை மடித்தபடி உட்கார்ந்துவிட்டாள்.

"பாடாங்கு மைதானத்துல தொண்டை கிழியக் கத்தினதைப் பொம்பளப் பிள்ளைக்கு வைப்பீங்களா? மலாய்க்காரங்க சொல்லு அது. நான் சொல்ல மாட்டேன்."

"அண்ணி, நீங்க சொல்லலைன்னா வேற யாரு சொல்றது?" ஜெயா கெஞ்சினாள்.

அப்போதுதான் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி சேதுராமன் பாயசக் கிண்ணத்தை எங்கோ வைத்துவிட்டு எழுந்தார். சமஸ்கிருதப் பைத்தியம். மீன் வாங்கப் போனால் மீன் என்ற சொல்லின் பூர்வீகம் விசாரித்துவிட்டு, மீனை மறந்துவிட்டு வருவார். அவரைக் கண்டால் நாங்கள் சந்து மாறுவோம்.

"அது மலாயில் குடியேறிய சொல்லம்மா. பிறப்பு சமஸ்கிருதம். மகா, ரித்தி, பெருத்த வளம். மகர்த்திகா என்றால் வளமும் வல்லமையும் உள்ளவர். நம் ஆட்களுக்கு முன்பே கப்பலேறி வந்துவிட்டது."

பொன்னம்மா முகம் இளகியது. "வளமா? அப்படின்னா பரவாயில்லையே."

அத்தோடு வாயை மூடியிருந்தால் அவர் சேதுராமன் இல்லை. பாதி உண்மை அவருக்குச் செரிக்காது.

"டச்சுக்காரன் காலத்தில், விடுவிக்கப்பட்ட அடிமைகளையும் இந்தச் சொல்லால்தான் அழைத்தார்கள்."

தியாகு தலையில் கைவைத்தான். ஜெயா அவரைப் பார்த்த பார்வையில் பாயசமே திரிந்திருக்கும். அழையாமலே முன்வரிசையில் இருந்த நானும் காரியம் கெட்டது என்றே நினைத்தேன்.

பொன்னம்மா வெற்றிலையைக் கீழே வைத்தாள். அவள் அப்பா கூலி ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துக் கப்பலேறியவர். ஊர் திரும்பாமல் தோட்டத்துக் கூலிகளின் லயத்து வீட்டிலேயே செத்தவர்.

"விட்டாங்களா, கிராணியாரே? நெஜமாவே விட்டாங்களா?"

"விட்டார்கள்."

"மறுபடி பிடிச்சுக் கட்டலையே?"

"இல்லையம்மா. போனவர்கள் போனவர்கள்தான்."

அவள் குழந்தையை வாங்கி மடியில் கிடத்தினாள். பெயரை மூன்று முறை சொன்னாள். காதில் ரகசியமாகச் சொல்வதுதான் வழக்கம். மூன்றாவது முறை சொன்னது தூரத்து ஊரான செமாபோக்கில் கேட்டிருக்கும். குழந்தை வீரிட்டது. ஜெயா அழுதுகொண்டே சிரித்தாள்.

சேதுராமன் மட்டும் பாயசத்தைத் தேடிக்கொண்டிருந்தார். நானே வேறொரு கிண்ணம் நிறைய ஊற்றிக்கொண்டு போனேன். அது காலியாகும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து, இன்னொரு சொல்லின் கதையையும் கேட்டேன்.