கலைத்துப் போட்ட சோதனைகள்

பழைய சோதனைகளைப் புதிய கருவியில் ஓட்டிக் காட்டச் சொன்னார் மேலாளர். ஊதித் தள்ளிவிடும் வேலை என்றுதான் அவன் நினைத்தான். டாக்டரைப் பார்க்க நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கும் மென்பொருள் அது. ஒதுக்கும் பகுதி அவன் எழுதியது. அதன் ஒவ்வொரு துண்டையும் தட்டிப் பார்க்கும் குட்டிச் சோதனைகளும் அவன் கைவண்ணமே. பழைய கருவியில் எப்போதும் எல்லாம் பச்சை, அதாவது பாஸ். ஒரே நேரத்தை இரண்டு நோயாளிகளுக்குக் கொடுத்த பிழை வெளியே வந்தபோது, அந்தப் பச்சையைக் காட்டித்தான் தப்பித்தான், மச்சானைக் கைகாட்டினான். மனைவியின் தம்பி, அதே மென்பொருளில் இன்னொரு பகுதியை எழுதியவன். வேலை வாங்கிக் கொடுத்தவனே அந்த வேலைக்கு உலை வைத்தான்.

புதிய கருவி பொல்லாதது. பழையது எழுதிய வரிசையில் ஓட்டும். இது சீட்டுக்கட்டைப்போல் கலைத்து ஓட்டும். ஓட்டினான். சிவப்பு. ஒரே நேரம், இரண்டு பேர். அவனுடைய முதல் சோதனை ஏற்கெனவே ஒதுக்கிய நேரங்களின் பதிவுகளைத் துடைத்து வைக்க, மற்றவையெல்லாம் அதன் தயவில் பாஸாகி வந்திருந்தன. பதிவு மிச்சமிருந்தால் அவன் எழுதிய 'கோடு', அதாவது நிரல், அதைப் பார்ப்பதே இல்லை.

வரிசையை மாற்றாதே என்று ஒரு வரி சேர்த்தால் போதும். சேர்த்தான். பச்சை. மேலாளர் முதுகில் தட்டினார். குற்ற உணர்வு பிடுங்கித் தின்றது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை, புண்ணியவான்.

வீட்டில் சாப்பிடும்போது மச்சான் தட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

"மாமா, புதுக் கருவி வரிசையைக் கலைச்சு ஓட்டுமாமே? என் கோடை ஒருதடவை அதுல ஓட்டிப் பாருங்களேன். எங்க தப்பு பண்ணேன்னு இன்னும் பிடிபடல. தெரிஞ்சா அடுத்த எடத்துல ஒழுங்கா இருப்பேன்."

"இனியாவது அவர் சொல்றதைக் கேளு. எங்க மானத்தை வாங்கினது போதும்" என்றாள் மனைவி.

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். எழுந்துபோய் மடிக்கணினியை எடுத்து வந்தான். சேர்த்த வரியை அழித்துவிட்டு ஓட்டினான். சிவப்பு.

மச்சான் எட்டிப் பார்த்தான். மறுபடி படித்தான்.

"மாமா, இது உங்க கோடு."

"ஆமாடா. உன்னோடதுல தப்பே இல்ல. மத்தியானமே தெரியும். மூடி மறைச்சுட்டேன்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. மச்சான் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். "பழைய பதிவைப் பார்க்காம விட்டிருக்கீங்க. இங்க சின்னதா மாத்தினா போதும்" என்றான்.

அவன் அங்கேயே மேலாளருக்கு போன் போட்டான். ரிங் போய்க்கொண்டிருக்கும்போது மனைவி கேட்டாள்.

"அப்போ நான் இவனை இத்தனை நாளா திட்டினதெல்லாம்?"